வீட்டில் காய்ச்சும் பேல் ஏல்: ஈஸ்ட் தேர்வும் ஹாப்ஸ் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருக வறுத்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேரும் கரும்பீர்களில் சிறு குறைகள் அந்த வறுவல் சுவைக்குள் மறைந்துவிடும். வெளிறிய மால்ட்டில் காய்ச்சும் பீர் வகையான பேல் ஏலுக்கு அந்த மறைவிடம் கிடையாது. அந்த மால்ட்டின் மென்மையான சுவைக்கு மேல், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூங்கூம்புகளான ஹாப்ஸின் மணமும் ஈஸ்ட்டின் குணமும் வெளிப்படையாக நிற்பதால், பொருந்தாத ஈஸ்ட்டும் பழைய ஹாப்ஸும் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஈஸ்ட்டையும் ஹாப்ஸையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுப்பதே பலருடைய வழக்கமாக இருக்கிறது. ஹாப்ஸின் மணத்தில் எவ்வளவு மிஞ்சும், எந்த வடிவில் மிஞ்சும் என்பதை ஈஸ்ட்டே பெரிதும் தீர்மானிப்பதால், இரண்டையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள விடைகள் அந்த நோக்கிலேயே எழுதப்பட்டுள்ளன. வீட்டில் பீர் காய்ச்சுவது எல்லா இடங்களிலும் அனுமதிக்கப்பட்டதல்ல என்பதால், தொடங்கும் முன் உங்கள் பகுதியின் சட்டத்தை அறிந்துகொள்ளுங்கள்.

பீரில் ஈஸ்ட் செய்யும் வேலை சர்க்கரையை மதுவாக மாற்றுவது மட்டும்தானே? அதைத் தேர்ந்தெடுப்பதில் ஏன் இவ்வளவு கவனம்?

மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்து, ஹாப்ஸுடன் கொதிக்கவைத்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். ஒரே வோர்ட்டை இரண்டு கலன்களில் பிரித்து ஊற்றி, ஒவ்வொன்றிலும் வேறு ஈஸ்ட்டைச் சேர்த்தால், இரண்டு வாரத்தில் கிடைப்பவை இரண்டு வெவ்வேறு பீர்கள். ஒன்று வறண்டு கசப்பு மேலோங்கியும், மற்றொன்று உருண்டு திரண்ட சுவையோடு பழவாசனையாகவும் இருக்கலாம். மது உண்டாக்குவதோடு, ஈஸ்ட் எஸ்டர்கள் எனப்படும் பழமணப் பொருள்களையும் உண்டாக்குகிறது. எவ்வளவு சர்க்கரையை உண்ணாமல் விட்டுவைக்கிறது என்பதன் மூலம் வாயில் உணரும் கனத்தை அதுவே நிர்ணயிக்கிறது. ஹாப்ஸிலிருந்து வந்த கசப்புப் பொருள்களில் ஒரு பகுதி ஈஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு அவற்றோடு அடியில் படிந்துவிடுகிறது. இன்னொரு பகுதி நொதித்தலின் நுரையோடு மேலேறிக் கலனின் சுவரில் காய்ந்துபோகிறது. மணத்துக்கும் இதே கதிதான். கொப்பளித்து வெளியேறும் கரியமில வாயு, ஹாப்ஸின் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடுகிறது. நொதித்தல் நடக்கும் அறையில் அருமையான ஹாப்ஸ் மணம் கமழ்கிறது என்றால், அந்த மணம் பீரை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஈஸ்ட் பொட்டலத்தின் விவரக்குறிப்பில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

முதலில் பார்க்க வேண்டியது அட்டென்யூவேஷன், அதாவது வோர்ட்டின் சர்க்கரையில் எத்தனை விழுக்காட்டை அந்த ஈஸ்ட் நொதிக்கச் செய்யும் என்ற அளவு. தொடக்க அடர்த்தி (நீரை 1.000 எனக் கொண்ட அளவு) 1.050 உள்ள வோர்ட்டை 80 விழுக்காடு நொதிக்கும் ஈஸ்ட் 1.010 வரை கொண்டுசெல்லும். 70 விழுக்காடு நொதிப்பது 1.015-இலேயே நின்றுவிடும். அந்த ஐந்து புள்ளி வேறுபாடு வாயில் மிகத் தெளிவாகத் தெரியும். மேற்கு அமெரிக்கப் பாணியிலான, கசப்பு கூர்மையாக நிற்கும் பேல் ஏலுக்கு முதல் வகையும், கலங்கலாகவும் மென்மையாகவும் இருக்கும் பேல் ஏலுக்கு இரண்டாம் வகையும் பொருந்தும்.

அடுத்தது படியும் தன்மை. நொதித்தல் முடிந்ததும் செல்கள் ஒன்றோடொன்று திரண்டு விரைவாக அடியில் இறங்கும் ஈஸ்ட் தெளிந்த பீரைத் தரும். மிக விரைவாக இறங்கிவிடும் ஈஸ்ட்டோ, வேலையை முழுதாக முடிக்காமலே உறங்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட ஈஸ்ட்டைப் பயன்படுத்தும்போது கலனை மெல்லச் சுழற்றிவிடுவதும் கடைசி நாள்களில் வெப்பநிலையைச் சற்று உயர்த்துவதும் உதவும்.

மூன்றாவதாக, ஃபீனால் மணம் உண்டாக்கும் ஈஸ்ட்டா என்று பாருங்கள். கோதுமை பீருக்கும் பெல்ஜிய வகைகளுக்கும் உரிய பல ஈஸ்ட்டுகள் மால்ட்டிலுள்ள ஃபெருலிக் அமிலத்தைக் கிராம்பு மணம் தரும் பொருளாக மாற்றுகின்றன. அந்த மணம் அந்தப் பீர்களுக்கு அழகு; சிட்ரஸ் மணமுள்ள ஹாப்ஸோடு சேர்ந்தால் மருந்து வாடையாகத் தோன்றும். எஸ்டிஏ1 என்ற மரபணு உள்ள ஈஸ்ட் என்று குறிப்பிடப்பட்டிருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. மற்ற ஈஸ்ட்டுகளால் தொடமுடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் அது மெல்ல மெல்ல உடைத்து உண்ணும் என்பதால், பாட்டிலில் அடைத்த பிறகும் நொதித்தல் தொடர்ந்து அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம்.

மதுவைத் தாங்கும் திறன் என்ற குறிப்பை இங்கே பொருட்படுத்த வேண்டியதில்லை. பேல் ஏலின் 5 விழுக்காட்டு மதுவை ஏறத்தாழ எல்லா ஏல் ஈஸ்ட்டுகளும் தாங்கும்.

முதல் பேல் ஏலுக்கு எந்த ஈஸ்ட்டைப் பரிந்துரைப்பீர்கள்?

தயக்கமின்றிச் சொல்வேன்: சிக்கோ வகை என்று அழைக்கப்படும் அமெரிக்க ஏல் ஈஸ்ட். கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரில் 1980-இல் பீர் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா நிறுவனத்தின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஈஸ்ட் இது. அந்த நிறுவனத்தின் பேல் ஏலும், அதில் மேலோங்கி நின்ற காஸ்கேட் ஹாப்ஸின், கிரேப்ஃப்ரூட் என்ற சிட்ரஸ் பழத்தின் தோல் போன்ற கசப்பு மணமும் சேர்ந்துதான் அமெரிக்கப் பேல் ஏல் என்ற பாணிக்கே உருவம் தந்தன. உலர் வடிவில் சேஃப்ஏல் யுஎஸ்-05 என்றும், திரவ வடிவில் வயீஸ்ட் 1056, வைட் லேப்ஸ் டபிள்யுஎல்பி001 என்றும் விற்கப்படுபவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே கருதப்படுகின்றன. 80 விழுக்காட்டை ஒட்டி நொதித்து, தன் மணத்தை அடக்கிக்கொண்டு, ஹாப்ஸுக்கு வழிவிடும் ஈஸ்ட் இது. புதிய ஹாப்ஸ் வகை ஒன்றின் உண்மையான குணத்தை அறிய விரும்பும் எவரும் முதலில் இந்த ஈஸ்ட்டோடுதான் அதைக் காய்ச்ச வேண்டும்.

ஆங்கிலேயப் பாணியை விரும்புவோருக்கு சேஃப்ஏல் எஸ்-04 எளிதில் கிடைக்கும். விரைவாக நொதித்து இறுக்கமாகப் படியும், பழமணத்தையும் ஓரளவு தரும். கலங்கலான, சாறு போன்ற பேல் ஏலுக்கு லண்டன் ஏல் 3 என்ற பெயரில் வரும் வயீஸ்ட் 1318 பலருடைய விருப்பம். அதன் அட்டென்யூவேஷன் 71 முதல் 75 விழுக்காடு என்பதால் இனிப்பும் கனமும் எஞ்சும்.

உலர் ஈஸ்ட் நல்லதா, திரவ ஈஸ்ட் நல்லதா? எவ்வளவு சேர்க்க வேண்டும்?

திரவ ஈஸ்ட்டில் வகைகள் அதிகம். உலர் ஈஸ்ட்டில் உறுதி அதிகம். பேல் ஏல் ஈஸ்ட்டுகளைப் பொறுத்தவரை உலர் வடிவங்கள் இன்று மிகத் தரமாகக் கிடைக்கின்றன என்பதால், வழியில் வெயில் பட்டிருக்குமோ என்ற கவலையோடு திரவ ஈஸ்ட்டை வாங்குவதைவிட உலர் ஈஸ்ட்டை வாங்குவதே மேல் என்று கருதுகிறேன்.

அளவுக்கு ஒரு பொது விதி உண்டு. ஏல் வகைகளுக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு, வோர்ட்டின் ஒவ்வொரு பிளேட்டோ பாகைக்கும் (வோர்ட்டின் எடையில் கரைந்துள்ள சர்க்கரையின் விழுக்காட்டைக் குறிக்கும் அளவு), 7.5 லட்சம் உயிருள்ள செல்கள் வேண்டும். 12 பாகை பிளேட்டோ, அதாவது ஏறத்தாழ 1.048 அடர்த்தி கொண்ட 20 லிட்டர் வோர்ட்டுக்கு இது 18,000 கோடி செல்களாகிறது. 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று இதற்குப் போதுமானது. திரவ ஈஸ்ட் பொட்டலத்தில் பொதுவாக 10,000 கோடி செல்களே இருக்கும். அவற்றிலும் நாள் ஆக ஆக ஒரு பங்கு இறந்துகொண்டே போகும். எனவே இரண்டு பொட்டலங்களைச் சேர்க்க வேண்டும், அல்லது முந்தைய நாளே நீர்த்த வோர்ட்டில் அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஈஸ்ட் குறைந்தால் ஒவ்வொரு செல்லும் பலமுறை பெருக வேண்டியிருப்பதால் வேண்டாத பழமணமும், தாமதமான தொடக்கமும், முடிவுறாத நொதித்தலும் சேர்ந்து வரும்.

உலர் ஈஸ்ட்டை நேரடியாக வோர்ட்டின் மேல் தூவலாம் என்று இப்போது தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். முன்னதாக நனைத்துக்கொள்ள விரும்பினால், அதன் எடையைப் போல் பத்து மடங்கு கொதித்தாறிய நீரை 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் எடுத்து அதில் தூவி, கால் மணி நேரம் விட்டு, பிறகு வோர்ட்டில் ஊற்றுங்கள்.

நொதிக்கும்போது வெப்பநிலை எவ்வளவு இருக்க வேண்டும்? வெப்பமான இடங்களில் என்ன செய்வது?

அமெரிக்க ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் மிகப் பொருத்தமானது. இது வோர்ட்டின் வெப்பநிலை. அறையின் வெப்பநிலை அல்ல. நொதித்தல் தானே வெப்பத்தை உமிழும் செயல் என்பதால், அதன் உச்சத்தில் கலனுக்குள் இருக்கும் சூடு அறையைவிடப் பல டிகிரி கூடுதலாக இருக்கும். எஸ்டர்களில் பெரும்பகுதி ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாள்களில் உண்டாவதால், அந்த நாள்களில் காட்டும் கட்டுப்பாடே பீரின் குணத்தைத் தீர்மானிக்கும். அதன் பிறகு வெப்பநிலை 21 அல்லது 22-க்கு ஏறினால் தீங்கில்லை. வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் திரும்ப உறிஞ்சிக்கொள்ள அந்தச் சிறு சூடு உதவவே செய்யும்.

கலனை அகன்ற தொட்டியில் நீருக்குள் நிறுத்தி, உறைந்த நீர்ப்புட்டிகளை மாற்றி மாற்றி அந்த நீரில் போடுவது எளிய வழி. ஈரத்துணி சுற்றி மின்விசிறிக் காற்றில் வைப்பதும் சில டிகிரிகளைக் குறைக்கும். எதுவும் இயலாத சூட்டில், நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காக்கப்பட்டுவந்த குவைக் ஈஸ்ட்டுகளை நாடலாம். அவை 30 டிகிரிக்கு மேலும், சில 40 டிகிரியை நெருங்கியும், குறையின்றி நொதிக்கின்றன. வோஸ் என்ற வகை ஆரஞ்சுத்தோல் மணத்தைத் தருவதால் சிட்ரஸ் ஹாப்ஸோடு இயல்பாக இணைகிறது. ஹாப்ஸுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கையாவது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்கு ஒதுக்குங்கள் என்று தொடங்குவோர் அனைவரிடமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஹாப்ஸ் ஏன் கெடுகிறது? உலர்ந்த பொருள்தானே?

ஹாப் கூம்பின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் துகள்களாக இருக்கும் லூபுலின்தான் நாம் விலைகொடுத்து வாங்குவது. அதில் கசப்பைத் தரும் ஆல்பா அமிலங்களும் மணத்தைத் தரும் எண்ணெய்களும் உள்ளன. இரண்டுமே ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரிபவை. ஆல்பா அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து கசப்பூட்டும் திறனை இழக்கின்றன. எண்ணெய்களில் பெரும்பங்கு வகிக்கும் மிர்சீன் ஆவியாகியும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் குறைகிறது. இந்தச் சிதைவில் பிறக்கும் ஐசோவலரிக் அமிலம் பழைய பாலாடைக்கட்டியின் வாடையைத் தருகிறது.

வேகத்தைத் தீர்மானிப்பவை மூன்று: காற்று, சூடு, ஹாப்ஸின் வகை. வெப்பநிலை ஒவ்வொரு 15 டிகிரி குறையும்போதும் ஆல்பா இழப்பின் வேகம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது ஹாப்ஸ் சேமிப்பில் பரவலாகப் பயன்படும் கணக்கு. அதன்படி 20 டிகிரி அறையில் இழக்கும் வேகத்தில் பாதிதான் 5 டிகிரிக் குளிர்பெட்டியில். உறைபெட்டியின் -10 டிகிரியில் கால்பங்கு. வகைகளிலும் பெரிய வேறுபாடு உண்டு. பேல் ஏலுக்கே உரியதாகக் கருதப்படும் காஸ்கேட் சேமிப்பில் பலவீனமானது. காற்றுப்பட, 20 டிகிரியில் ஆறு மாதம் கிடந்தால், அதன் ஆல்பா அமிலத்தில் பாதி போய்விடும். 1972-இல் வெளியிடப்பட்ட அந்த வகை இன்றும் கொண்டாடப்படுவது அதன் மணத்துக்காகவே. அந்த மணத்தைக் காப்பது அதை வாங்குபவரின் பொறுப்பு.

வாங்கும்போது ஹாப்ஸ் புதியது என்று எப்படி அறிவது?

பொட்டலத்தில் அறுவடை ஆண்டு அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அடைத்த தேதி மட்டும் போதாது. இரண்டாண்டுப் பழைய ஹாப்ஸையும் நேற்று அடைக்கலாம். வடகோளத்தில் அறுவடை ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களிலும், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற தென்கோள நாடுகளில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலும் நடக்கிறது. ஆகவே ஜூலையில் வாங்கும் அமெரிக்க ஹாப்ஸ் ஏறத்தாழ ஓராண்டு வயதானது என்பதை நினைவில் கொள்ளுங்கள். குளிரில், காற்றில்லாமல் வைக்கப்பட்டிருந்தால் அந்த வயது குறையாகாது.

அடுத்து, பொட்டலம் எதனால் ஆனது என்று பாருங்கள். அலுமினியப் படலம் பூசிய, நைட்ரஜன் நிரப்பிய அல்லது வெற்றிடமாக்கிய பைதான் ஏற்கத்தக்கது. ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் கடை அலமாரியில் தொங்கும் ஹாப்ஸை, அது எவ்வளவு புகழ்பெற்ற வகையானாலும், வாங்காதீர்கள். சில விற்பனையாளர்கள் ஹாப் சேமிப்புக் குறியீட்டை அச்சிடுகிறார்கள். 275, 325 நானோமீட்டர் ஒளியலைகளை ஹாப்ஸ் சாறு உறிஞ்சும் அளவுகளின் விகிதம் அது. 0.30-க்குள் இருந்தால் நல்ல நிலை; 0.40-ஐத் தாண்டினால் மணத்துக்காக அதை நம்ப வேண்டாம்.

வீட்டில் திறந்ததும் மூக்குதான் கருவி. இரண்டு மூன்று பெல்லட்டுகளை (ஹாப்ஸைப் பொடித்து இறுக்கிய சிறு உருளைகள்) உள்ளங்கையில் வைத்து நன்றாகத் தேய்த்து, சூடு ஏறியதும் முகருங்கள். பச்சை நிறமும், பிசுபிசுப்பும், கூர்மையான பழ, பைன், மலர் மணமும் நல்லதற்கு அடையாளம். பழுப்பேறி, வைக்கோல் போலவோ பழைய காகிதம் போலவோ பாலாடைக்கட்டி போலவோ வீசினால், அந்த மணமே உங்கள் பீரிலும் வரும். எத்தனை முறை காய்ச்சியவரானாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்கலாகாது.

திறந்த பொட்டலத்தில் மீந்த ஹாப்ஸை எப்படி வைப்பது?

மீதத்தை அன்றே, அடுத்த முறைக்குத் தேவையான அளவுகளாகப் பிரித்து, வெற்றிடமாக அடைத்து, -18 டிகிரி உறைபெட்டியில் வையுங்கள். இதில் ‘பிரித்து’ என்ற சொல்லை வலியுறுத்துகிறேன். அரைக் கிலோ பொட்டலத்தை ஐந்து முறை திறந்து மூடுபவர் ஐந்து முறை புதிய காற்றை உள்ளே விடுகிறார். 50 அல்லது 100 கிராமாகப் பிரித்து வைப்பவர் ஒவ்வொன்றையும் ஒரே முறைதான் திறக்கிறார்.

வெற்றிடக் கருவி இல்லாதவர்கள், வந்த அலுமினியப் பையிலேயே காற்றை இயன்றவரை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகச் சுருட்டி ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் வைக்கலாம். கரியமில வாயு உருளை வைத்திருப்போர் மூடுமுன் அந்த வாயுவைப் பைக்குள் பாய்ச்சிக் காற்றைத் துரத்தலாம். வாயை அழுத்தி மூடும் சாதாரண ஜிப் பைகள் சில வாரங்களுக்குமேல் உதவாது. அவற்றின் பிளாஸ்டிக் வழியாகவே ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும், உறைபெட்டியின் மற்ற வாடைகளும் உள்ளே வரும். கண்ணாடிப் புட்டி ஊடுருவலைத் தடுத்தாலும், அரைகுறையாக நிரம்பியிருந்தால் எஞ்சிய வெளியெல்லாம் காற்றுதான்.

உறைபெட்டியிலிருந்து எடுத்த பொட்டலத்தைத் திறந்தபடி மேசையில் விட்டுவைத்தால் குளிர்ந்த பெல்லட்டுகளின் மேல் ஈரம் படியும். ஈரம்பட்ட பெல்லட்டை மறுபடி உறையவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். எடைபோட வேண்டியதைச் சட்டென்று எடைபோட்டு, மீதத்தை உடனே மூடுங்கள்.

முழுக் கூம்புகளைவிடப் பெல்லட்டுகள் அடர்த்தியாக இறுக்கப்பட்டவை என்பதால் காற்று புகுவது குறைவு, அடைப்பதும் எளிது. சேமிப்பை மனத்தில் கொண்டால் பெல்லட்டே சிறந்தது.

பழைய ஹாப்ஸை எறிந்துவிட வேண்டுமா?

பாலாடைக்கட்டி வாடை இல்லையென்றால் வேண்டாம். மணம் மங்கியிருந்தாலும் 60 நிமிடக் கொதிப்பில் கசப்புக்காகச் சேர்க்கலாம். அந்தக் கொதிப்பில் மணம் எப்படியும் ஆவியாகிவிடும். இழந்த ஆல்பாவை ஈடுசெய்ய அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். 6 விழுக்காடு என்று அச்சிட்ட ஹாப்ஸ் 4.5-க்கு இறங்கியிருக்கும் என்று கணித்தால், 30 கிராமுக்கு 40 கிராம். வாடை ஏறிவிட்டதென்றால் பேல் ஏலில் எதற்கும் பயன்படாது. பெல்ஜியத்தின் லாம்பிக் பீரில் வேண்டுமென்றே முதிர்ந்த ஹாப்ஸைச் சேர்ப்பது உண்மைதான். அங்கே தேவைப்படுவது கசப்போ மணமோ அல்ல, பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தும் குணமே.

மணத்துக்கான ஹாப்ஸை எப்போது சேர்ப்பது?

கொதிப்பு முடிந்து வோர்ட் 80 டிகிரிக்கு ஆறியதும் ஒரு பங்கு, நொதித்தலின் இறுதியில் ஒரு பங்கு. 80 டிகிரியில் ஆல்பா அமிலங்கள் கசப்பாக மாறும் வேகம் மிகக் குறைந்துவிடுவதால், கசப்பைக் கூட்டாமல் எண்ணெய்களை எடுக்க முடிகிறது. 20 நிமிடம் ஊறினால் போதும்.

டிரை ஹாப்பிங்கிற்கு எத்தனை கிராம், எத்தனை நாள்?

நொதித்த பீரில் கொதிக்கவைக்காமல் ஹாப்ஸை ஊறவைப்பதே டிரை ஹாப்பிங். பேல் ஏலுக்கு லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் நிறைவாக இருக்கும். ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட் ஹாப்ஸைக் கொண்டு செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியதும் மணத்தில் கிடைக்கும் கூடுதல் பயன் குறைந்துகொண்டே போனது. சிட்ரஸ் மணம் ஏறுவதற்குப் பதிலாகப் பச்சிலை, தேயிலை போன்ற மணமே மேலோங்கியது. சந்தையில் புதிதாக வரும் விலையுயர்ந்த வகைகளை லிட்டருக்கு 15 கிராம் என்று கொட்டுவோர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும். அளவைக் கூட்டுவதைவிடப் புதிய ஹாப்ஸை வாங்குவதே அதிக மணம் தரும்.

எண்ணெய்களில் பெரும்பகுதி முதல் இரண்டு நாள்களுக்குள் பீரில் இறங்கிவிடும். மூன்று நாள் போதும். அதற்குமேல் விட்டால் புல் சுவையும் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பும் ஏறக்கூடும்.

நொதித்தல் நடக்கும்போதே ஹாப்ஸைச் சேர்த்தால் ஈஸ்ட் அதன் மணத்தை மாற்றும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஹாப்ஸிலுள்ள, ரோஜா மணம் தரும் ஜெரானியாலை ஈஸ்ட் எலுமிச்சைச் சாயல் கொண்ட சிட்ரோனெல்லாலாக மாற்றுவது நன்கு நிறுவப்பட்டது. மணமற்ற சேர்மங்களில் கட்டுண்டிருக்கும் தையால்கள் என்ற கந்தகப் பொருள்களை விடுவிக்கும் திறனும் சில ஈஸ்ட்டுகளுக்கு உண்டு. வெப்பமண்டலப் பழங்களை நினைவூட்டும் மணங்கள் பலவற்றுக்கு இவை காரணம். நம் மூக்கு மிக மிகச் சிறிய அளவிலேயே இவற்றை உணரும்.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. நொதித்தலின் உச்சத்தில் சேர்த்த ஹாப்ஸின் எண்ணெய்களில் பெரும்பங்கை வாயு அடித்துச் சென்றுவிடும், ஈஸ்ட்டோடு படிந்தும் போகும். ஆகவே, இறுதி அடர்த்திக்கு இரண்டு மூன்று புள்ளிகள் இருக்கும்போது சேர்ப்பதை நான் விரும்புகிறேன். கொப்பளிப்பு அடங்கியிருக்கும், ஈஸ்ட்டோ இன்னும் விழித்திருக்கும். மூடியைத் திறந்தபோது உள்ளே போன ஆக்சிஜனையும் ஹாப்ஸோடு வந்த காற்றையும் அது உறிஞ்சிக்கொள்ளும்.

ஹாப்ஸ் சேர்த்த பிறகு அடர்த்தி மறுபடி இறங்குகிறது. ஏதேனும் தொற்றா?

பெரும்பாலும் இல்லை. ஹாப்ஸில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் சிறிதளவு உள்ளன. ஈஸ்ட்டால் உண்ண முடியாமல் எஞ்சிய டெக்ஸ்ட்ரின்களை அவை நொதிக்கத்தக்க சர்க்கரையாக மாற்ற, ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. இதை இன்று ஹாப் கிரீப் என்கிறார்கள். ஹொரேஸ் பிரவுன், ஹாரிஸ் மோரிஸ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர்கள் 1893-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். நூறாண்டுக்குமேல் கழித்து, ஹாப்ஸின் அளவு பெருகிய பிறகுதான் இது பரவலான பேச்சானது.

இதனால் இரண்டு தொல்லைகள் வரும். ஒன்று, மறுபடி தொடங்கிய நொதித்தல் டைஅசிட்டைலையும் மறுபடி உண்டாக்கி, நேற்றுவரை தூய்மையாக இருந்த பீரில் வெண்ணெய் மணத்தைக் கொண்டுவரும். மற்றொன்று மிகக் கடுமையானது: இந்த நொதித்தல் முடியுமுன் பாட்டிலில் அடைத்துவிட்டால் பாட்டில்கள் வெடிக்கக்கூடும். ஹாப்ஸ் சேர்த்த பிறகு, ஹைட்ரோமீட்டர் காட்டும் அடர்த்தி குறைந்தது மூன்று நாள் இடைவெளியில் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்காமல் அடைக்காதீர்கள். வெண்ணெய் மணத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சிறிது பீரை மூடிய புட்டியில் எடுத்து, 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, ஆறியதும் முகருங்கள். வெண்ணெய் மணம் தெரிந்தால் அதன் முன்னோடிப் பொருள் இன்னும் எஞ்சியிருக்கிறது. பீரை ஈஸ்ட்டோடு 20 டிகிரியில் மேலும் சில நாள் விட்டுவையுங்கள்.

பாட்டிலில் அடைத்த சில வாரங்களில் நிறம் கருத்து, மணம் மங்கிவிடுகிறது. ஏன்?

ஆக்சிஜன். வெட்டிவைத்த ஆப்பிள் பழுப்பதற்குக் காரணமான அதே காற்றுதான், பொன்னிறப் பீரைச் செம்பழுப்பாக்கி, சிட்ரஸ் மணத்தை அழித்து, ஈரமான அட்டையின் சுவையைத் தருகிறது. உறைபெட்டியில் பொத்திப் பாதுகாத்த ஹாப்ஸின் மணம் முழுவதும் பாட்டிலில் அடைக்கும் அரை மணி நேரத்தில் பாழாகிவிடலாம் என்பது வருந்தத்தக்க உண்மை.

நொதித்தல் முடிந்த பிறகு பீரை இரண்டாம் கலனுக்கு மாற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேல் ஏலுக்கு அது தேவையில்லை. பீரைக் குழாய் வழியாகப் பாட்டிலின் அடியிலிருந்து, சலசலப்பின்றி நிரப்புங்கள். மேலே விடும் இடம் இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். எழும் நுரையின் மேலேயே மூடியை வைத்து உடனே அழுத்துங்கள். பாட்டிலில் அடைக்கும் முன் தொட்டியில் சர்க்கரையைக் கலக்கும்போதும் துடுப்பால் அடித்துக் கலக்காமல், சர்க்கரைக் கரைசலை முதலில் ஊற்றி அதன் மேல் பீரை மெல்லச் சுழலவிடுங்கள். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை பேல் ஏலுக்குத் தேவையான வாயுவைத் தரும். பாட்டிலுக்குள் நடக்கும் இந்தச் சிறு நொதித்தலின்போது ஈஸ்ட் எஞ்சிய ஆக்சிஜனில் ஒரு பகுதியை உண்டுவிடுவது, வீட்டில் காய்ச்சுவோருக்குக் கிடைக்கும் இயற்கையான காப்பு.

பாட்டிலின் நிறம் முக்கியமா?

ஆம். ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளிபட்டுச் சிதைந்தால் ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தை ஒத்த கந்தகச் சேர்மம் பிறக்கிறது. நேரடி வெயிலில் இதற்குச் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடியும் நிறமற்ற கண்ணாடியும் தடுக்காது.

எத்தனை நாளுக்குள் குடித்துவிட வேண்டும்?

வாயு ஏற இரண்டு வாரம் 20 டிகிரியை ஒட்டி வைத்து, பிறகு எல்லாப் பாட்டில்களையும் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். குளிரில் இரண்டு மாதம்வரை ஹாப்ஸ் மணம் உயிர்ப்போடு இருக்கும். மூன்றாம் மாதத்தில் மால்ட்டின் இனிப்பு முன்னுக்கு வரும். அறைச் சூட்டில் இதே மாற்றம் சில வாரங்களில் நடந்துவிடும். குளிர்பெட்டியில் இடமில்லையென்றால் 20 லிட்டருக்குப் பதில் 10 லிட்டராகக் காய்ச்சுங்கள்.

ஒரு முறை பயன்படுத்திய ஈஸ்ட்டை அடுத்த பேல் ஏலுக்கு எடுத்துவைக்கலாமா?

எடுத்துவைக்கலாம், ஆனால் டிரை ஹாப்பிங்கிற்கு முன்பே எடுக்க வேண்டும். ஹாப்ஸ் துகள்களும் பிசினும் கலந்த அடிவண்டலில் செல்களைப் பிரிப்பது கடினம். பிசின் படிந்த செல்கள் அடுத்த வோர்ட்டில் மந்தமாகவே தொடங்கும். கொதிநீரில் தூய்மையாக்கிய கண்ணாடிப் புட்டியில் அரை லிட்டர் அளவுக்குக் குழம்பான ஈஸ்ட்டை எடுத்து, மூடியைத் தளர்வாக வைத்து, குளிர்பெட்டியில் வையுங்கள்; உள்ளே எழும் வாயு வெளியேற வழி வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்தினால் அப்படியே சேர்க்கலாம். அதற்குமேல் ஆனால் நீர்த்த வோர்ட்டில் உயிர்ப்பித்துப் பார்த்து, புளித்த வாடையோ ரப்பர் வாடையோ இல்லையென்று உறுதி செய்த பிறகே சேர்க்க வேண்டும்.